சாரப் பலகையின் வரலாறு

ஒரு கட்டடம் எழுந்து நின்றபின், அதனை எழுப்புதற்குத் துணையாக நின்ற சாரத்தை எவரும் நினைப்பதில்லை. கோபுரத்தை வியக்கிறோம், கல்லைச் செதுக்கிய கையைப் போற்றுகிறோம், அக்கைக்கு உரியவன் நின்று தொழில் செய்த பலகை எத்தகையது என்று கேட்பார் அரியர். ஆயினும், அவன் மாலையில் வீடு திரும்புவதும் திரும்பாமற் போவதும் அப்பலகையைப் பொறுத்தனவே. ஆதலின், இன்று சாரப் பலகையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஈழத்துப் பேச்சுவழக்கிலே 'சாரம்' என்றதும் இடுப்பில் உடுத்தும் ஆடையே முதலில் நினைவுக்கு வரும். ஆயின், கட்டடத் தொழிலில் அச்சொல்லுக்கு உள்ள பொருள் வேறு. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் உச்சிக்கல்லை, சாரப்பள்ளம் என்னும் சிற்றூரிலிருந்து நெடிய சாய்தளம் அமைத்து ஏற்றினர் என்பது செவிவழிச் செய்தி. அது எவ்வாறாயினும், சாரத்தின் பெயர் ஓர் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டமை நம் மக்கள் அத்தொழிலை எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பதைக் காட்டும்.

இனி, சபரகமுவ மாகாணத்துக்கு வருவோம். இரத்தினபுரி மாவட்டத்திலே, பெல்மதுளையை அடுத்துள்ளது கஹவத்தை. தேயிலையும் இறப்பரும் ஒருங்கே விளையும் நிலம் அது. இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் பல மாடிகள் கொண்டவை. கொழுந்தை வாடவைப்பதற்கு மேல்மாடிகள் வேண்டியிருந்தன. உயர்ந்த தகரச் சுவருக்கு வண்ணம் பூசவும், உடைந்த சன்னலைத் திருத்தவும், கூரையின் ஒழுக்கை அடைக்கவும் ஆட்கள் சாரம் ஏறவேண்டும். லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கும், தோட்டத்துக் கோயிலின் குடமுழுக்குக்கும் சாரம் வேண்டும். கமுக மரத்தைக் காலாக நட்டு, தென்னங்கயிற்றால் பிணித்து, கிடைத்த பலகையைக் குறுக்கே இடுவதே பழைய முறை.

கிடைத்த பலகை என்றேன். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. இறப்பர் விளையும் நாட்டிலே மலிவாகக் கிடைப்பது இறப்பர்ப் பலகை. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைப் பூங்காவிலே நடப்பெற்றன. அவ்வழி வந்த மரங்கள் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படுவன. 1953ஆம் ஆண்டின் மறுநடுகை உதவிச் சட்டத்துக்குப் பின்னர் முதிய மரங்கள் பெருந்தொகையாக வீழ்த்தப்பட்டன. அம்மரம் அடுப்புக்கு நல்ல விறகு. பதப்படுத்தினால் அழகிய தளபாடமும் ஆகும். ஆயின், அதனுள்ளே மாச்சத்து மிகுதி. அம்மாச்சத்தை நாடி வண்டு துளைக்கும். ஈரம் பட்டால் நீலப் பூஞ்சணம் படரும். போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து அதனைக் காப்பர். எனினும், அம்மருந்து நீரில் கரைவது. வீட்டினுள்ளே கிடக்கும் நாற்காலிக்கு அது போதும். சபரகமுவவின் மழையிலே நாள்தோறும் நனையும் சாரப் பலகையிலிருந்து அது கழுவப்பட்டுப் போகும். வெளித்தோற்றத்தில் வெண்மையாய், உறுதியாய்த் தோன்றும் பலகை உள்ளே மாவாகி இருத்தல் கூடும்.

இம்மாவட்டத்தார் மரத்தின் இயல்பை அறியாதவர் அல்லர். மண்ணுக்கு மேலே சாரம் கட்டுவோரைப் போலவே, மண்ணுக்குக் கீழே மாணிக்கக் குழி அகழ்வோரும் மரத்தை நம்பி வாழ்பவர்கள். குழியின் சுவர் சரியாதபடி கமுகும் இறப்பர் மரமும் கொண்டு சட்டம் அடித்து, இடைவெளியில் 'கெக்கில்ல' என்று சிங்களத்தில் வழங்கும் பன்னத்தை அடைத்துக் காப்பர். குழிக்குள் இறங்குபவன் அந்த மரத்தைத் தானே பார்த்து இறங்குகிறான். சாரத்தில் ஏறுபவனோ, பெரும்பாலும் பிறர் இட்ட பலகையில் ஏறுகிறான்.

பலகையின் வலிமைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தடிப்பு இருமடங்கானால் வலிமை நான்கு மடங்காகும். 1 அங்குலப் பலகையைவிட 1½ அங்குலப் பலகை இரண்டேகால் மடங்கு வலியது. தாங்கும் குறுக்குக் கம்புகளின் இடைவெளி இருமடங்கானால், நடுவிலே ஏற்றத்தக்க சுமை பாதியாகும். பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கட்டட வேலைத்தல விதிகள் இவ்வுண்மையையே சட்டமாக்கின. 1½ அங்குலப் பலகைக்கு 5 அடிக்கு ஒரு தாங்கு வேண்டும். 2 அங்குலப் பலகைக்கு 8½ அடிக்கு ஒரு தாங்கு வேண்டும். பலகையின் நுனி, தாங்கைக் கடந்து அதன் தடிப்பைப் போல் நான்கு மடங்குக்கு மேல் நீளலாகாது. நீண்டால், நுனியில் காலூன்றியவனைப் பலகையே தூக்கி எறிந்துவிடும். மற்றொரு விதி நுட்பமானது: குறை கண்ணுக்குப் புலப்படாதவாறு சாரமரத்துக்கு வண்ணம் பூசலாகாது. சுண்ணாம்பு படிந்து படிந்து வெடிப்பு மறைந்துபோன பலகைகளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இவ்விதிகள் திடீரெனப் பிறந்தவை அல்ல. பலகை முறிந்தால் பழி யாருக்கு என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. பார்த்து ஏறாத தொழிலாளியின் கவலையீனமே காரணம் என்று முதலாளி கூறுவது எளிது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1885ஆம் ஆண்டிலேயே சாரத்துக்கென ஒரு சட்டம் இயற்றி, நல்ல சாரம் தரும் கடமையை வேலை செய்விப்போர்மேல் சுமத்தியது. இலங்கையிலோ, முதலில் வந்தது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அது விழுந்தவனுக்கு விலை கூறிற்று, விழாமற் காக்கவில்லை. 1937இல் ஜெனீவாவிலே கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடத் தொழிலின் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. குறையற்ற மரம், போதிய வலிமை, அறிந்தவரின் மேற்பார்வை, காலந்தோறும் பரிசோதனை என்பன அதன் சாரமான விதிகள். இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் இயற்றப்பட்டு, 1950இல் நடைமுறைக்கு வந்தது. கட்டட வேலைகளும் அதன் எல்லைக்குள் கொணரப்பட்டன. ஜெனீவா உடன்படிக்கை 1988இல் புதுக்கப்பட்டது. 2009இல் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவனம் இந்நாட்டில் சட்டத்தால் அமைந்தது.

பொருள்களும் மாறியுள்ளன. பெரிய நகரங்களிலே எஃகுக் குழாயும் எஃகுப் பலகையும் அலுமினியமும் வந்துவிட்டன. மரப்பலகையாயினும், நுனி பிளவாதபடி இருப்புப் பட்டை அடித்தும், கணுவும் நார்ச்சரிவும் நோக்கித் தரம் பிரித்தும் விற்கப்படுகின்றன. ஆயின், தோட்டத்துச் சிறு திருத்த வேலைக்கு இவையெல்லாம் எட்டுவது அருமை. சிறு குத்தகைக்காரர் இரண்டு நாள் வேலைக்குப் பலகை வாங்கமாட்டார். பழைய பெட்டியின் பலகையோ, கான்கிரீட்டு வார்ப்புக்கு அடித்துக் கழற்றிய பலகையோ சாரத்தில் ஏறிவிடும். ஆணியடித்துக் கழற்றிய அத்துளைகளிலேதான் முறிவு தொடங்கும்.

நேயர்களே, இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சாரத்துக்கெனச் சில பலகைகளைத் தனியே ஒதுக்கி, வேறெதற்கும் எடுக்காமல், மழைபடாத இடத்தில் அடுக்கி வைத்தல் ஒன்று. ஏறுமுன் பலகையைப் புரட்டி இருபுறமும் பார்த்தல் இரண்டு. ஐயமுள்ள பலகையை மூலையில் வைக்காமல் அன்றே அறுத்து விறகாக்கிவிடுதல் மூன்று. மூலையில் வைத்த பலகை என்றேனும் ஒருநாள், அதன் குறையை அறியாத ஒருவர் கையால் மீண்டும் சாரம் ஏறிவிடும்.

சட்டம் தன் பங்கைச் செய்ய முனைந்தது. ஆயினும், சட்டம் இயற்றியவர் எவரும் கஹவத்தையில் ஒரு லயத்தின் சுவரோரம் வந்து நின்று பலகையைப் புரட்டிப் பார்க்கப்போவதில்லை. அது வேலை கொடுப்பவரின் கடமை, மேற்பார்ப்பவரின் கடமை. "இப்பலகையில் ஏறமாட்டேன்" என்று ஒரு தொழிலாளி கூறினால், அதனைச் சோம்பல் என்று கொள்ளாது, அறிவு என்று கொள்ளும் மனம் நமக்கு வரவேண்டும். சாரப் பலகையின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.