அக்கரப்பத்தனை ரொட்டியும் ஷிபுயா ஸ்பகெட்டியும்

இலங்கை மலையகத்தின் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் காலைச் சாப்பாடான கோதுமை ரொட்டிக்குத் தேயிலையின் வயது இல்லை. தமிழகத்திலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனங்கள் முதலில் கோப்பித் தோட்டங்களிலும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். அந்தக் காலம் முழுக்க அவர்களின் அடுப்பில் கொதித்தது அரிசிதான். நெல் விளையாத உயரத்தில் இருந்த தோட்டங்களுக்கு அரிசி கப்பலில் வந்து, ரயிலேறி, மலை ஏறியது. டயகம, ஹோல்புரூக், டொரிங்டன் என்று அக்கரப்பத்தனையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நிர்வாகமே அரிசியைக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அரிசியின் விலையையும் கணக்கில் எடுத்தே நாட்சம்பளத்தைத் தீர்மானித்தது.  மலைநாட்டில் ஓர் ஆணின் நாட்சம்பளம் 54 சதம். 

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஜப்பானியப் படை. இலங்கைக்கு வந்த அரிசியில் பெரும்பங்கு பர்மா அரிசி. 1942 மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசிக் கப்பல்கள் நின்றன. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நாடெங்கும் உணவுப் பங்கீடு வந்தது. அரிசியின் அளவு குறைக்கப்பட்டு, அதன் இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. அதுவரை பாணுக்கும் பலகாரத்துக்கும் மட்டும் உரியதாக இருந்த மா, லயத்துச் சமையலின் நடுவே வந்து உட்கார்ந்தது.

போர் முடிந்த பிறகும் அது வெளியேறவில்லை. 1954இல் ஐக்கிய அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தை இயற்றித் தன் மிகைத் தானியத்தைச் சலுகை விலையில் வெளியே அனுப்பத் தொடங்கியது. மலையகத்தில் மா நிலைத்துவிட்டதற்கு உள்ளூர்க் காரணங்களும் இருந்தன. ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகத் தாமதமாகும், விறகும் கூடச் செலவாகும். காய்ந்த கல்லுக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பார்த்து, காலை ஆளெடுப்பான பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்குச் சோற்றைவிட ரொட்டி வசதி. மாவில் உப்பும் துருவிய தேங்காயும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டால் சிறிது நேரத்தில் ஆகிவிடும். கொழுந்து மலைக்கு மடித்தும் கொண்டுபோகலாம். தென்னை இந்தக் குளிரில் காய்க்காது; தேங்காய் கடைச்சரக்கு. ஆகவே சம்பள நாளை ஒட்டி ரொட்டியில் தேங்காய் கூடும், மாதக் கடைசியில் அது வெறும் மாவும் உப்புமாகும். செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்த சம்பல்தான் அதற்குத் துணை. கையில் காசிருந்தால் மாசிக் கருவாடும் சேரும்.

இதே ஆண்டுகளில், பர்மா அரிசியை மறித்த ஜப்பானே அமெரிக்கக் கோதுமையில் வயிறு வளர்த்தது. தோல்விக்குப் பிந்தைய பஞ்சத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சோற்றுக்குப் பதில் பாண் கொடுக்கப்பட்டது. 1954இல் பாடசாலை உணவு சட்டமாகவே ஆனது. 1956 முதல் சமையல் வண்டிகள் ஊர் ஊராகச் சென்று, கோதுமையை எப்படிச் சமைப்பது என்று குடும்பப் பெண்களுக்குச் செய்து காட்டின. அதற்குப் பணம் வந்ததும் அமெரிக்காவிலிருந்துதான். ஸ்பகெட்டியைத் தக்காளி கெச்சப்பில் புரட்டும் 'நபோரித்தான்', யோக்கஹாமாவின் நியூ கிராண்ட் ஹோட்டலில் போருக்குப் பின் பிறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பெயரில் நேப்பிள்ஸ் இருந்தாலும் நேப்பிள்ஸ்காரர் அதை அடையாளம் காணமாட்டார்.

ஜப்பானியச் சுவையிலேயே பாஸ்தாவைச் சமைக்கும் வழக்கம் டோக்கியோவில் 1953இல் தொடங்கிய 'கபே நோ அனா' என்ற சிறு கடையோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கேவியர் போட்டு ஸ்பகெட்டி கேட்ட ஒரு வாடிக்கையாளருக்குச் செய்து கொடுத்தார்களாம். ஆனால் கேவியர் தினசரி விற்கக்கூடிய விலையில் இல்லை. 1960களில் அதன் இடத்தில் உப்பிட்ட மீன்சினை வந்தது. வெண்ணெயோடு கலந்து, மேலே கடற்பாசியைத் தூவினார்கள். பிறகு சோயாவும் காளானும், நாற்றமடிக்கும் நட்டோவும்கூட வந்தன. சோற்றோடு ஒத்துப்போவது ஸ்பகெட்டியோடும் ஒத்துப்போகும் என்பதே கணக்கு. 1976இல் ஷிபுயாவில் தொடங்கிய 'யோமென்யா கொஎமொன்' இதைச் சாதாரணக் குடும்பங்களின் வெளிச்சாப்பாடாக்கியது. பீங்கான் தட்டில் வரும் பாஸ்தாவை அங்கே முள்ளுக்கரண்டியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் குச்சியால்தான் எடுக்கிறார்கள்.

வந்த மாவைத் தன் நாக்குக்கு வளைத்ததில் லயத்துப் பெண் டோக்கியோச் சமையற்காரருக்குக் குறைந்தவள் அல்ல. வேறுபாடு கைப்பக்குவத்தில் இல்லை, வருமானத்தில் இருந்தது. ஜப்பானில் கூலி உயர்ந்தது. சோறும் ஸ்பகெட்டியும் ஒரே ஆள் தன் விருப்பப்படி தெரிவுசெய்யும் இரண்டு சாப்பாடுகளாயின. தோட்டத்தில் மா பங்கீடாகவே இருந்தது. அதன் ஆபத்து 1970களில் வெளிப்பட்டது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை எகிறியபோது அரசாங்கம் பங்கீட்டைச் சுருக்கியது. கிராமத்தவர் மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள்; ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லாத தோட்ட மக்களுக்கு அந்த வழியும் இல்லை. லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பலர் நகரத் தெருக்களில் கையேந்தினார்கள். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறக் காத்திருந்த குடும்பங்கள், அந்தப் பசியையும் அனுபவித்துவிட்டே புறப்பட்டன.

1977இல் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனத்துடன் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. 1980இல் திருகோணமலையில் அதன் ஆலை மா அரைக்கத் தொடங்கியது. வந்து இறங்குவது கோதுமை மணியானது. பொதி செய்யப்பட்ட மா மலையகத்தின் கடைகளிலெல்லாம் நிறைந்தது. அட்டன், தலவாக்கலைக் கடைகளில் பராட்டாவும் கொத்து ரொட்டியும் இரவுச் சாப்பாடாயின. பாக்கெட் நூடில்ஸும் வந்து சேர்ந்தது. அதைச் சூப்பாகக் குடிப்பவர் குறைவு. தண்ணீரை வடித்துவிட்டு, நுவரெலியா கரட்டும் லீக்ஸும் முட்டையும் போட்டு, மிளகாய் தூக்கலாக வதக்குகிறார்கள். டோக்கியோக்காரர் ஸ்பகெட்டிக்குச் செய்ததற்கு மலையகத்தில் மிக நெருங்கி வருவது இதுதான்.

வெள்ளை மாவையே நம்பிய சாப்பாட்டின் விளைவு பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். பழி ரொட்டிக்கு மட்டும் உரியதல்ல. பருப்பும் முட்டையும் பாலும் ரொட்டிக்குப் பக்கத்தில் வராததே பெரிய காரணம். 2022 ஜனவரியில் பொருளாதார நெருக்கடி முற்றிவந்தபோது, தோட்டக் குடும்பங்களுக்கென அரசாங்கம் அறிவித்த நிவாரணம் மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா. அரிசிக்குப் பதிலியாக வந்து எண்பது ஆண்டுகளில், நிவாரணம் என்றாலே மா என்ற நிலைக்கு அது வந்திருந்தது. அந்த ஆண்டிலேயே சந்தையில் மாவின் விலை பல மடங்கு ஏற, காலை ரொட்டியின் எண்ணிக்கையும் பருமனும் வீட்டுக்கு வீடு குறைந்தன.