படுக்கை உண்டு, அட்மிஷன் இல்லை

நெஞ்சு வலி என்று வருபவரிடம், "ஒரு ராத்திரி அப்சர்வேஷன்ல வச்சுப் பாப்போம்" என்று டாக்டர் சொல்வது சித்தூரிலும் திருப்பதியிலும் தினமும் காதில் விழுகிற பேச்சு. கூட வந்தவர் வராந்தாவில் பாயை விரித்துவிடுவார். நோயாளியைச் சேர்த்தாயிற்று என்பதில் அவருக்குச் சந்தேகமே இராது. இதே நோயாளி அமெரிக்காவில் இருந்தால், பில்லின் கணக்கில் அவர் சேரவே இல்லை. படுக்கை, டிரிப்ஸ், ராத்திரி நர்ஸ் எல்லாம் இருந்தும் அவர் வெளிநோயாளிதான். பி.ஃபார்ம், மைக்ரோபயாலஜி, பிசியோதெரபி என்று படித்துவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து சென்னைக்கு, அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிற விதி இது. அது பிறந்த கதையைப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை.

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு மெடிகேர் வந்தது. முதியவர்களுக்கான அந்த அரசுக் காப்பீட்டுக்கு இரண்டு பைகள். உள்நோயாளிச் செலவு ஏ பகுதியில். டாக்டர் கட்டணமும் வெளிநோயாளிச் செலவும் பி பகுதியில். யார் எந்தப் பையில் என்ற தகராறுக்கு விதை அன்றே விழுந்துவிட்டது.

அப்சர்வேஷனுக்கு நியாயமான மருத்துவக் காரணம் உண்டு. மாரடைப்பா வாயுவா என்று முதல் ஈசிஜியிலேயே எப்போதும் தெரிந்துவிடாது. சில மணி நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 1981-இல் பால்டிமோர் செயின்ட் ஆக்னஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேமண்ட் பார் நெஞ்சு வலிக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இப்படிக் காத்திருந்து பார்ப்பது ஒழுங்கான சிகிச்சை முறையாக வளர்ந்தது.

பணம் அதைத் திசை திருப்பியது. ஆஸ்பத்திரி செய்த செலவையெல்லாம் கொடுத்துவந்த மெடிகேர், 1983 சட்டத்துக்குப் பிறகு நோய்த் தொகுதிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுக்கத் தொடங்கியது. ஒரே ராத்திரி தங்கிப் போன உள்நோயாளிக்கும் பெரும்பாலும் முழுத் தொகை. அரசின் கண் அங்கே விழுந்தது. 2005-இல் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, நியூயார்க் மூன்று மாநிலங்களிலும், 2010 வாக்கில் நாடு முழுவதும், ஆடிட் கம்பெனிகளை இறக்கினார்கள். மீட்கிற பணத்தில் அந்தக் கம்பெனிகளுக்குக் கமிஷன். "இவரை உள்நோயாளியாகச் சேர்த்திருக்க வேண்டியதில்லை" என்று ஆடிட்டர் எழுதினால் கொடுத்த தொகை திரும்பப் போய்விடும். ஆஸ்பத்திரிகள் பயந்தன. சந்தேகம் வந்த கேஸையெல்லாம் அப்சர்வேஷனில் போட்டன. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48-க்குள் முடிய வேண்டிய காத்திருப்பு பல நாட்கள் நீண்டது. கமிஷனுக்கு வேலை செய்பவர் கையில் இந்தத் தீர்ப்பைக் கொடுத்ததுதான் பெரிய தவறு என்பது என் எண்ணம்.

2013 அக்டோபர் 1 முதல் இரண்டு நள்ளிரவு விதி வந்தது. இரண்டு நள்ளிரவைத் தாண்டி ஆஸ்பத்திரி கவனிப்பு தேவைப்படும் என்று டாக்டர் எதிர்பார்த்தால் உள்நோயாளி. இல்லாவிட்டால் பொதுவாக வெளிநோயாளி. திங்கள் ராத்திரி 11 மணிக்கு வந்தவர் 25 மணி நேரத்தில் இரண்டாவது நள்ளிரவைத் தொட்டுவிடுவார். இரண்டு மணி நேரம் பிந்தி, செவ்வாய் அதிகாலை 1 மணிக்கு வந்தவருக்கு அதற்கு 47 மணி நேரம் வேண்டும். நோய் ஒன்றுதான்!

அடி முதியவர்மேல் விழுந்தது. டிஸ்சார்ஜுக்குப் பின் பராமரிப்பு இல்லத்தில் தங்கும் செலவை மெடிகேர் ஏற்க, தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அப்சர்வேஷன் நாட்கள் அதில் சேராது. வீடு திரும்பிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் இருப்பவருக்கு, 36 மணி நேரத்துக்குள் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2015-இல் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இந்த வரலாறு முழுவதும் கோடரின் திரையில் ஜி0378 என்ற குறியீடாக வந்து நிற்கிறது. ஒரு மணி நேரம் ஒரு யூனிட். டாக்டரின் ஆர்டர் இருக்கிறதா, கவனிப்பு எந்த மணிக்குத் தொடங்கியது என்று சார்ட்டில் தேட வேண்டும். நடுவில் கொலனோஸ்கோபிக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் டாக்டர் கட்டணத்துக்கான தனி அப்சர்வேஷன் குறியீடுகளை எடுத்துவிட்டு, உள்நோயாளிக்கும் அப்சர்வேஷனில் இருப்பவருக்கும் 99221 முதலான அதே எண்களை வைத்தார்கள். ஆஸ்பத்திரி பில்லில் மட்டும் பிரிவினை நீடிக்கிறது.

நம் ஊர் இதற்கு விலக்கல்ல. நம் காப்பீட்டு பாலிசிகளிலும் பொதுவாக 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் கிளெய்ம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் ஒழுங்குபடுத்திய விலக்குகளின் பட்டியலில் நான்காவது, வெறும் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் சேர்வது. நெஞ்சு வலியில் சேர்ந்து, எல்லாம் நார்மல் என்று வீடு திரும்பும் சித்தூர்க்காரரின் கிளெய்ம் சிக்குவதற்கு வழி இருப்பது இங்கேதான். ஏன் படுக்கை தேவைப்பட்டது, எந்த மருந்து எப்போது ஊசியில் போனது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லி, கவுன்டரை விட்டு நகருமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.