மயிலாப்பூர் தச்சர் கட்டாத அரண்மனை

சென்னையில் குளிர்காலமா? கேட்டால் பலருக்குச் சிரிப்புதான் வரும். டெல்லியைப் போலத் தெருவோரம் நெருப்பு மூட்டிக் குளிர் காயும் நிலை இங்கே இல்லை. மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

ஆனால் கூரை இல்லாதவர்களின் கணக்கு வேறு. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. தி.நகரில் கடைகள் மூடிய பிறகு படிக்கட்டில் பாய் விரிக்கும் குடும்பத்துக்குக் குளிர்காலம் என்றால் நனைந்த துணி, நனைந்த அடுப்பு, இரவெல்லாம் தூங்காத குழந்தை!

இந்த மழைக்காலத்துக்கும் கிறிஸ்தவத் தொண்டு மரபுக்கும் இடையே ஒரு பழைய கதை இருக்கிறது. அந்தக் கதையின் நாயகருக்குக் கல்லறை இருப்பது மயிலாப்பூரில்.

அரசன் கொடுத்த பணம்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமா இந்தியா வந்து, பரங்கிமலையில் கொல்லப்பட்டு, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த இடத்தில் 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஒரு தேவாலயம் கட்டினார்கள். இன்று நிற்கும் வெள்ளைக் கோபுரத்துடன் கூடிய சாந்தோம் பேராலயம் ஆங்கிலேயர் காலத்தில், 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது.

தோமாவைப் பற்றி 3-ம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட நூல் 'தோமாவின் பணிகள்'. அதில் அவர் ஒரு தச்சர், கட்டடக் கலைஞர். கோண்டபாரஸ் என்ற அரசன் தனக்கு ஓர் அரண்மனை கட்டித் தரச் சொல்கிறான். (இப்படி ஓர் அரசன் வடமேற்கு இந்தியாவை ஆண்டது உண்மை என்பதற்கு அவனுடைய நாணயங்களே சாட்சி.) தோமா இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிப்பதாகச் சொல்கிறார். நம் கணக்கில் ஏறத்தாழ ஐப்பசியிலிருந்து சித்திரை வரை. "எல்லோரும் கோடையில்தானே கட்டுவார்கள், நீ குளிர்காலத்தில் கட்டுகிறாயே" என்று அரசனே வியக்கிறான்.

அரசன் பணம் அனுப்ப அனுப்ப, தோமா அதை ஏழைகளுக்கே கொடுத்து விடுகிறார். வந்து பார்த்தால் ஒரு செங்கல்கூட இல்லை! கோபத்தில் அவரைச் சிறையில் தள்ளுகிறான். அன்றிரவு இறந்துபோன அரசனின் தம்பி, மேலுலகத்தில் ஓர் அழகான மாளிகையைப் பார்க்கிறான். அது தோமா உன் அண்ணனுக்காகக் கட்டியது என்று அங்கே சொல்லப்படுகிறது. தம்பி உயிர் பெற்று வந்து சொன்ன பிறகே தோமாவுக்கு விடுதலை.

இது வரலாறு அல்ல, கதைதான். ஆனால் கிறிஸ்தவ உலகம் இந்தக் கதையை மறக்கவில்லை. தோமாவின் திருநாள் பல நூற்றாண்டுகள் டிசம்பர் 21 அன்று கொண்டாடப்பட்டது. வட உலகில் பகல் மிகக் குறுகிய நாள் அது. இங்கிலாந்தின் கிராமங்களில் அன்று ஏழைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸுக்காகக் கோதுமை கேட்பது வழக்கமாக இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1969-ல் நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் திருநாள் ஜூலை 3-க்கு மாறியது.

2004, 2015

கதை நிஜமான நாளும் வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி மெரினாவையும் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்புகளையும் தாக்கியது. சென்னையில் மட்டும் சுமார் 200 பேர் இறந்தார்கள். தப்பிய குடும்பங்கள் பல ஓடிச் சேர்ந்த இடம் சாந்தோம் பேராலயம். அங்கே அவர்களுக்குத் தங்க இடமும் உணவும் கிடைத்தன. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் குடில் தேவாலயங்களில் இன்னும் பிரிக்கப்படாத நேரம் அது. சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கதைதானே கிறிஸ்துமஸ்!

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு பொங்கியபோது சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. தேவாலயங்கள் மட்டுமல்ல, பள்ளிவாசல்கள், கோயில்கள், கல்யாண மண்டபங்கள், பள்ளிகள் எல்லாம் கதவைத் திறந்தன. யார் என்ன மதம் என்று சோறு போட்டவர்களும் கேட்கவில்லை, சாப்பிட்டவர்களும் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சுனாமிக்குப் பிறகு பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கும், வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. கூரை கிடைத்தது. ஆனால் மீன் பிடிக்கும் கடலும், வீட்டு வேலை செய்யும் மயிலாப்பூர் தெருக்களும், பிள்ளைகளின் பள்ளியும் வெகுதூரம் போய்விட்டன. அங்கே வாழ முடியாமல் மறுபடி நகரத்துக்கே திரும்பியவர்களும் உண்டு.

2010-ல் டெல்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் இறந்த செய்திகளைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்றது. சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களின் துணையோடு காப்பகங்களை நடத்துகிறது. கருணையாக இருந்தது, உரிமையாக மாறத் தொடங்கியது.

ஆனாலும் காப்பகம் என்பது வீடு ஆகிவிடாது. கணவன், மனைவி, குழந்தைகள் என ஒரு குடும்பம் சேர்ந்து வாழ அது போதாது. ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம் என்று பிரிக்கப்படுவதற்குப் பயந்தே நடைபாதையில் தங்கிவிடும் குடும்பங்கள் இருக்கின்றன.

தோமா கதையில் ஏழைகளுக்குப் பணம் கிடைத்தது, அரசனுக்கு மேலுலகத்தில் மாளிகை கிடைத்தது. அந்த ஏழைகள் அடுத்த குளிர்காலத்தில் எங்கே தூங்கினார்கள் என்று கதை சொல்லவில்லை. மழை வரும் இரவில் கதவைத் திறப்பது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. அடுத்த ஐப்பசிக்குள் அதே குடும்பம் மறுபடி அந்தக் கதவைத் தட்ட வேண்டிய தேவை இல்லாமல் செய்வது அதைவிடப் பெரிய காரியம்.