கொம்புக்கு முன்னாலயா, பின்னாலயா?

வேர்ட்டில 'கொ' என்று அடிச்சிட்டு, முன்னால நிக்கிற கொம்பை மட்டும் அழிச்சுப் பாருங்க. முடியாது. கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவில கர்சர் போகவே போகாது. இதை வெறும் கோளாறு என்றுதான் நாங்களும் நினைச்சிருந்தோம், ஒரு பழைய அட்டவணை கைக்கு வரும் வரைக்கும்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பக்கம் போலவே எங்கட வண்ணாத்திவில்லுப் பக்கமும் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்த சில குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை, பிறகொரு காலத்தில் யாரோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் பாமினியில் டைப் பண்ணி வைத்திருந்தார்கள். பெயர், வந்த ஊர், அடையாள அட்டை இலக்கம் என்று மூன்று நிரல். எங்கட கொம்பியூட்டரில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

பாமினியில் 'அ' என்பது உண்மையில் ஆங்கில 'எம்'. கொம்பு 'என்', ககரம் 'எஃப்', கால் 'எச்'. 'கொ' என்றால் மூன்று தனித்தனித் துண்டு. கர்சரும் மூன்று தடவை நிக்கும். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கிற இந்தப் பழக்கம் தட்டச்சுப் பொறியில இருந்து வந்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டது. புள்ளி மாதிரிக் குறிகளுக்கு அதில் நகரா விசை; அடித்தாலும் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும். பொறிக்குத் தாளில் விழும் மைதான் கணக்கு.

1991இல் வந்த யுனிகோட், இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைப் பின்பற்றி, நாம் உச்சரிக்கும் ஒழுங்கை எடுத்துக்கொண்டது. முதலில் ககரம், அதுக்குப் பிறகுதான் உயிர்க்குறி. கொம்பை முன்னுக்குக் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருளின் வேலை. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்தபோது அது தமிழுக்கும் கிடைத்தது. தாய்லாந்துக்காரர்களோ தங்கட எழுத்தைக் கண்ணில் படும் ஒழுங்கிலேயே யுனிகோடுக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பொறாமைதான்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முழு அட்டவணையையும் ஒரே மூச்சில் மாற்றியில் போட்டோம். பெயர்கள் அழகாக வந்தன. அடையாள அட்டை இலக்கங்கள் நாசம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பிறகு 'வி' அல்லது 'எக்ஸ்' இருக்கும்தானே. பாமினியில் பெரிய 'வி' என்றால் ஏகாரம், பெரிய 'எக்ஸ்' என்றால் ஓகாரம். ஆட்கள் எல்லாருக்கும் ஏ, ஓ என்று முடிகிற இலக்கம்! திரும்பவும் முதலில இருந்து, பெயர், ஊர் நிரல்களை மட்டும் தனியாக எடுத்து மாற்றினோம்.

ஒட்டின பிறகு இகர விசிறியெல்லாம் தலை வெட்டுப்பட்டுக் கிடந்தது. வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று பூட்டி வைத்திருந்தார்கள். 'அட் லீஸ்ட்' ஆக்கியதும் நிமிர்ந்தது. நீளமான ஊர்ப்பெயர்கள் நிரலைத் தள்ளிக்கொண்டு போனதுக்கு, உள்ளடக்கத்துக்கேற்ப அகலம் மாறும் தெரிவை நிறுத்தினோம். பிறகு அகர வரிசைப்படி அடுக்கினோம். பாமினியில் அடுக்கினால் யகரம் உகரத்துக்கு முன்னால், உகரம் அகரத்துக்கு முன்னால் என்று ஆங்கில ஒழுங்கில்தான் வரும். அந்தப் பட்டியலில் ஒரு ஆளைத் தேடுவது எவ்வளவு பாடு என்று அப்போதுதான் விளங்கியது.

ஒரு பெயர் மட்டும் சரிவரவில்லை. டைப் பண்ணினவர் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டிருக்கிறார். அச்சடித்த தாளில் அது பெரிசாத் தெரியாது. மாற்றியில் கொம்பு அநாதையாகத் தனியே நின்றது, தேடினால் அந்தப் பெயர் அகப்படாது. பழைய அச்சுத்தாளை வைத்திருந்த ஒரு பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்த உடனேயே வாசித்தார், அந்த மனுசியின் மூன்று பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து. அந்த மூன்றும் பட்டியலில் இல்லை. அடியில் ஒரு வரிசை கூட்டி எழுதிக்கொண்டோம்.