ஐம்பது வருஷத் தண்டனை

கால்பந்து ரசிகனுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் உத்தியோகம் உண்டு. எந்த ஊரானாலும், எந்த நாடானாலும் அவன் தேர்வுக் கமிட்டியின் நிரந்தர அங்கத்தினன். யாரை அணியில் சேர்க்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், முன்வரிசையில் எவன் சோம்பேறி, பின்வரிசையில் எவன் பயந்தாங்கொள்ளி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பயிற்சியாளருக்குத்தான் தெரியாது. ஆட்டம் முடிந்து டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், கையிலுள்ள டீ ஆறுவதற்குள் பதினொரு பேரில் ஐந்து பேரை மாற்றிவிடுவான்.

நானும் அந்தக் கமிட்டியில் வெகு காலம் இருந்தவன். பதினெட்டு வயதில் என் குரலுக்கு எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு மதிப்பு இருந்தது. ஒரு மழைக் காலத்தில், அரையிறுதிப் போட்டி ஒன்றில், எங்கள் அணியின் கோல்கீப்பர் ஒரு பந்தை விட்டுவிட்டார். பெரிய வேகமில்லாத பந்து. ஈரத்தில் வழுக்கி, கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே புகுந்து உள்ளே போய்விட்டது. அந்த க்ஷணத்தில் நான் ஒரு பட்டப்பெயரைக் கூவினேன். 'சல்லடை!' பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு சேர்ந்து கூவினார்கள். அடுத்த வருஷம் அவர் ஆட வரவில்லை. கமிட்டியில் என் யோசனை ஏற்கப்பட்டது என்றுதான் அன்றைக்கு நான் எண்ணிக்கொண்டேன்.

இந்தப் பழைய சங்கதியை எனக்கு நினைவூட்டியவர் நம் ஊர்க்காரர் அல்ல, பிரேஸில் தேசத்துக்காரர். மோஸிர் பார்போஸா என்று பெயர். அவரும் ஒரு கோல்கீப்பர். அவரும் ஒரு பந்தை விட்டவர். அவர் கதையைச் சில மாதங்களுக்கு முன் படிக்க நேர்ந்தது. அதிலிருந்து மனசு சரியாக இல்லை. வாசகர்களுக்கும் சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் குறையுமோ என்னவோ.

1950-ஆம் வருஷம் உலகக் கோப்பைப் பந்தயம் பிரேஸிலில் நடந்தது. யுத்தத்துக்குப் பிறகு நடந்த முதல் உலகக் கோப்பை அது. அதற்கென்றே ரியோ நகரத்தில் மாரக்கானா என்ற பிரம்மாண்டமான மைதானத்தைக் கட்டினார்கள். சிமெண்டு காய்வதற்குள் பந்தயம் ஆரம்பமாகிவிட்டது என்று சொல்லலாம். முதல் ஆட்டத்தில் மெக்ஸிகோவை நான்கு கோல் போட்டுப் பிரேஸில் ஜெயித்தது. இரண்டாவது ஆட்டம் ஸாவோ பாலோ நகரத்தில்.

இங்கேதான் நம்முடைய கமிட்டி உள்ளே நுழைகிறது. ரியோவுக்கும் ஸாவோ பாலோவுக்கும் வெகு நாளாகப் போட்டி. அணியின் பயிற்சியாளர் பிளாவியோ கோஸ்டா, ரியோவிலுள்ள வாஸ்கோ ட காமா கிளப்பின் பயிற்சியாளராகவும் இருந்தவர். நம் ஊர்ப் பையன்களைப் போடாமல் ரியோ ஆட்களைப் போடுகிறாரே என்று ஸாவோ பாலோ ஜனங்களுக்கு ஆத்திரம் வராமல் இருக்குமா? கோஸ்டா சாமர்த்தியமான மனிதர். அந்த ஊர் ரசிகர்களைத் திருப்தி செய்ய, நடு வரிசையில் ஸாவோ பாலோ கிளப்பின் ஆட்டக்காரர்கள் மூவரை ஒன்றாக நிறுத்தினார். எதிரே நின்றது ஸ்விட்ஸர்லாந்து. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. ரசிகர்கள் கேட்ட ஆட்களைப் போட்டாயிற்று. அதற்காகக் கூச்சல் நின்றதா என்றால், இல்லை. ரசிகன் சொன்னபடி செய்து தோற்றாலும் குற்றவாளி பயிற்சியாளர்தான். எங்கள் கமிட்டியின் சட்டதிட்டம் அப்படி.

அதன் பிறகு பிரேஸில் விசுவரூபம் எடுத்தது. யூகோஸ்லாவியாவை 2-0 என்று ஜெயித்தது. கடைசிச் சுற்றில் நான்கு தேசங்கள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். பிரேஸில் ஸ்வீடனுக்கு ஏழு கோல் போட்டது, ஸ்பெயினுக்கு ஆறு. மற்றொரு பக்கம் சின்னஞ்சிறு உருகுவே, ஸ்பெயினோடு தட்டுத் தடுமாறி 2-2 என்று சமன் செய்து, ஸ்வீடனை 3-2 என்று மயிரிழையில் ஜெயித்து வந்தது. ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை இரண்டும் சந்தித்தன. பிரேஸிலுக்கு வெற்றிகூட வேண்டாம். சமன் செய்தாலே உலகக் கோப்பை அதற்குத்தான்.

அன்று டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தம் இரண்டு லட்சம் இருக்கும் என்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே நகர மேயர் ஒலிபெருக்கியில், ஆட்டக்காரர்களைப் பார்த்து, இன்னும் சில மணி நேரத்தில் உலக வீரர்களாகப் போகிறவர்களே என்று வாழ்த்துரை படித்தார். கல்யாணத்துக்கு முன்பே சீமந்தப் பத்திரிகை அடித்த மாதிரி!

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கி இரண்டாவது நிமிஷம் பிரியாஸா பிரேஸிலுக்கு ஒரு கோல் போட்டார். வாண வேடிக்கை கிளம்பிற்று. உருகுவேயின் தலைவர் ஒப்டூலியோ வரேலா என்ற மனிதர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவரிடம் நிதானமாக வாதாடினார். வாதம் ஜெயிக்காது என்று அவருக்குத் தெரியும். இரண்டு லட்சம் பேரின் உற்சாகம் ஆறட்டும் என்பதே அவர் நோக்கம். ஆறிற்று. 66-வது நிமிஷம் உருகுவேயின் கிக்ஜா, வலது ஓரமாக ஓடி, பிரேஸிலின் பிகோடே என்பவரைக் கடந்து பந்தைக் குறுக்கே கொடுத்தார். ஷியாபினோ அதைக் கோலாக்கினார். 79-வது நிமிஷம் அதே கிக்ஜா, அதே ஓரம், அதே பிகோடேயைத் தாண்டினார். இந்தத் தடவையும் குறுக்கேதான் கொடுப்பார் என்று பார்போஸா கம்பத்தை விட்டு ஓர் அடி நகர்ந்தார். கிக்ஜா குறுக்கே கொடுக்கவில்லை. அந்த ஓர் அடி இடைவெளியில், கம்பத்துக்கும் பார்போஸாவுக்கும் நடுவே, பந்தை உதைத்தார்.

2-1. மைதானம் மௌனமாகிவிட்டது. சர்வதேசச் சங்கத் தலைவர் ஜூல் ரிமே, ஆட்டம் சமனில் இருந்தபோதே, பிரேஸிலைப் பாராட்டும் உரையைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கியவர். கீழே வந்து பார்த்தால் வரவேற்பும் இல்லை, வாத்தியமும் இல்லை. கூட்டத்தில் வரேலாவைத் தேடிப் பிடித்துக் கோப்பையைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

இனி, கமிட்டி கூடுகிறது.

நிதானமாக யோசித்தால் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. இரண்டே ஆட்டங்களில் பதின்மூன்று கோல் போட்ட முன்வரிசைக்கு அன்று ஏன் ஒன்றுக்கு மேல் வரவில்லை? சமன் போதும் என்றிருந்தபோது முதல் கோலுக்குப் பிறகு ஏன் கதவைச் சாத்தவில்லை? ஓர் ஓரத்தில் ஓட்டை இருக்கிறது என்று 66-வது நிமிஷமே தெரிந்த பிறகு, பிகோடேக்குத் துணையாக இன்னொருவரைப் பயிற்சியாளர் ஏன் அனுப்பவில்லை? ஆடுவதற்கு முன்பே வெற்றி விழாக் கொண்டாடிய மேயரும் பத்திரிகைகளும் எந்த வரிசையில் ஆடினார்கள்?

இவற்றைக் கேட்டால் பழி பலருக்கும் பங்காகிவிடும். பங்கு போட்ட பழியில் ரசிகனுக்கு ருசி இல்லை. ஆகவே மூன்று பேரைப் பொறுக்கினார்கள்: பிகோடே, பின்வரிசை ஜுவெனால், பார்போஸா. மூவரும் கறுப்பு நிறத்தவர்கள். பிரேஸிலில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1888-இல். அப்போது அறுபத்திரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. சட்டத்திலிருந்து ஒழிந்தது மனசிலிருந்து ஒழிய இன்னும் நாளாகும் போலிருக்கிறது. கறுப்பு மனிதனுக்கு நெருக்கடியில் நெஞ்சுரம் போதாது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அதே ஆட்டத்தில் மிக நன்றாக ஆடியவர்கள் என்று பெயர் வாங்கிய ஜிஜின்யோவும் பவரும் வெள்ளையர்கள் அல்லவே! அதைப் பேசுவார் இல்லை.

சட்டையைக்கூட விடவில்லை. அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டைக்குத் தேசிய உணர்ச்சி போதாது என்று கண்டுபிடித்தார்கள். 1953-இல் ஒரு பத்திரிகை போட்டி வைத்தது; பரிசு பெற்றது இன்று உலகமே அறிந்த மஞ்சள் சட்டை. அதை வரைந்த இளைஞர் அல்டிர் ஷ்லீ, உருகுவே எல்லையை ஒட்டிய ஊர்க்காரர் என்பது வேடிக்கையான விஷயம். சட்டைக்கு ஆறுதல் உண்டு. பெட்டியில் மடித்து வைத்தால் மறந்துவிடும். மனிதனை எங்கே மடித்து வைப்பது?

பார்போஸா சாமானியரல்ல. 1949-இல் தென் அமெரிக்கக் கோப்பையை ஜெயித்த பிரேஸில் அணியின் கோல்கீப்பர் அவர். வாஸ்கோ கிளப்புக்கு அவர் தேடித் தந்த வெற்றிகள் ஏராளம். அப்படிப்பட்டவர் அந்த ஜூலைக்குப் பிறகு தேசத்துக்காக ஆடியது ஒரே ஒரு தடவை. ஓய்வு பெற்ற பின் பிழைப்புக்காக அவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? அதே மாரக்கானாவில்! தினமும் அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார்.

இருபது வருஷம் கழித்து ஒரு நாள் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு ஸ்திரீ தன் சிறு பையனிடம் அவரைச் சுட்டிக்காட்டி, பிரேஸில் முழுவதையும் அழ வைத்த மனிதர் இவர்தான் என்றாளாம். தம் வாழ்க்கையிலேயே அதிகம் வலித்தது அதுதான் என்று பார்போஸா சொல்லியிருக்கிறார். 1993-இல், தேசிய அணி பயிற்சி செய்யும் இடத்துக்கு, பையன்களை வாழ்த்திவிட்டு வரலாமென்று போனார். அபசகுனம் என்று உள்ளே விடவில்லை. அப்போது அவருக்கு வயது 72. பிரேஸில் சட்டத்தில் அப்போது மிகக் கடுமையான தண்டனை முப்பது வருஷமாக இருந்தது. நான் செய்யாத குற்றத்துக்கு ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் அவர் சொன்னார். 2000-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி காலமானார். தண்டனை அன்றோடும் முடியவில்லை. பிரேஸிலின் முதல் கோல்கீப்பராக உலகக் கோப்பை முழுவதும் ஒரு கறுப்பு நிறத்தவர் மறுபடி நின்றது 2006-இல்தான், டிடா என்பவர்.

அப்படியானால் ஆட்டக்காரனை விமரிசிக்கவே கூடாதா, சரியாக ஆடாதவனை நீக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக நீக்கலாம். அதே பிரேஸில் 1958-இல் ஸ்வீடனில் ஆடியபோது நடந்ததைப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோலும் போட முடியவில்லை. பயிற்சியாளர் பேயோலா அடுத்த ஆட்டத்துக்கு மூன்று பேரை மாற்றினார். புதிதாக வந்தவர்கள் ஜிட்டோ, கரின்ஷா, பதினேழு வயசுப் பெலே. அணியோடு போயிருந்த மனோதத்துவ நிபுணர், பெலே குழந்தை, பொறுப்பு போதாது என்றும், கரின்ஷாவும் தேற மாட்டார் என்றும் அபிப்பிராயம் கொடுத்திருந்தார். பேயோலா அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஒதுக்கி வைத்தார். பிரேஸில் கோப்பையைக் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று நீக்கப்பட்ட மூவரையும் யாரும் துரோகி என்று சொல்லவில்லை. மாற்றினது நாளைய ஆட்டத்துக்காக. நேற்றைய ஆட்டத்துக்குப் பழிவாங்க அல்ல. ஜெயித்ததனால் அந்தப் பெருந்தன்மை சுலபமாக இருந்தது என்று நீங்கள் சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். ரசிகனின் தர்மத்துக்குப் பரீட்சை தோற்ற அன்றைக்குத்தான்.

அந்தப் பரீட்சையில் தேறிய ஒருவர் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால் அவர் எதிரி. அன்று இரவு ஜெயித்த அணியின் தலைவர் வரேலா, விருந்து கேளிக்கைகளை விட்டு, ரியோவின் மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த ஜனங்களோடு போய் உட்கார்ந்து விடியும்வரை குடித்தார். இந்த ஏழை ஜனங்களையா அழ வைத்தோம் என்று இருந்ததாம் அவருக்கு.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். சைக்கிளுக்குக் காற்று அடிக்க ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் நரைத்துப் போயிருந்தார். ஆனாலும் அந்த நீண்ட கைகளை எனக்குத் தெரியாதா? என்னை அவருக்கு ஞாபகமில்லை. அந்தச் சமயம் பத்து வயசுப் பையன் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "சல்லடை அண்ணே, பஞ்சர் பாருங்க!" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அது அவருடைய பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தபடி சொன்னார்: "பட்டப்பேருங்க தம்பி. ஒரு காலத்துல பந்து ஆடுவேன். எந்தப் புண்ணியவான் வெச்சானோ, ஒட்டிக்கிச்சு."

"அப்படியா அண்ணே?" என்றேன். காற்றுக்குக் காசு கொடுத்தேன். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.