கோலி சோடாவைத் திறக்கும் கட்டை

குற்றால அருவியில் குளித்து, தென்காசிக்குத் திரும்பும் வழியில் கோலி சோடா குடித்திருக்கிறீர்களா? கடைக்காரர் ஒரு சிறு கட்டையைப் புட்டியின் வாயில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். 'டப்' என்ற ஓசையுடன் குண்டு கீழிறங்கும். அக்கட்டைக்குப் பின்னே சுவையான வரலாறு ஒன்று உண்டு.

சோடாவில் கரைந்திருப்பது கரியமில வாயு. அதை நீரில் கரைக்கும் முறையை 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் நூலாக வெளியிட்டார். கரைப்பது எளிதாயிற்று, அடைத்து வைப்பதுதான் தொல்லையாயிற்று. தக்கை காய்ந்தால் சுருங்கும், வாயு கசிந்துவிடும். ஆகவே நிற்கவே முடியாதபடி அடி கூரான புட்டிகளைச் செய்து, படுக்க வைத்தனர். அப்போதுதான் நீர் பட்டுத் தக்கை ஈரமாகவே இருக்கும்.

1872-ல் ஹைராம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் புதிய புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த தந்திரம் என்ன? அடைக்கும் வேலையை வாயுவிடமே ஒப்படைத்துவிட்டார்! புட்டியைத் தலைகீழாக வைத்துச் சோடாவை நிரப்பினால், உள்ளிருக்கும் கண்ணாடிக் குண்டு வாய்ப்பக்கம் வந்துவிடும். வாயுவின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும்.

திறப்பதற்கு எவ்வளவு விசை வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட 3 வளிமண்டல அளவு மிகுதி என்றும், துளையின் விட்டம் 1 செ.மீ. என்றும் கொள்வோம். குண்டை ஏறத்தாழ 2.4 கிலோ எடைக்குச் சமமான விசை மேலே தள்ளுகிறது. அதைவிடச் சற்று மிகுதியாக அழுத்தினால் போதும். சிறிது வாயு வெளியேறியதும் அழுத்தம் குறையும். குண்டு தானே விழும்.

கட்டைவிரலாலும் திறக்கலாம். ஆனால் கட்டையின் நடுவிலுள்ள முளை குண்டை மட்டுமே தள்ளும். சுற்றியுள்ள விளிம்பு, முளை அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்கும். கல்லாலோ கரண்டிக் காம்பாலோ தட்டாதீர்கள். அழுத்தம் நிறைந்த கண்ணாடி உடைந்தால் சில்லுகள் தெறித்துக் கண்ணையே பறித்துவிடும்.

1892-ல் அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான அம்மூடி பரவவே, இங்கிலாந்தில் குண்டுப் புட்டி மெல்ல மறைந்தது. ஜப்பானிலும் நம் நாட்டிலும் அது இன்றும் நிலைத்திருக்கிறது. தகர மூடி ஒருமுறை திறந்தால் குப்பைக்குப் போகும். குண்டோ புட்டியிலேயே தங்கி, மீண்டும் மீண்டும் மூடியாகிறது.

அடுத்த முறை குடிக்கும்போது, கழுத்திலுள்ள பள்ளங்கள் கீழ்ப்புறம் வருமாறு புட்டியைச் சாய்த்துப் பாருங்கள். குண்டு அங்கே தங்கி, சோடாவுக்கு வழிவிடும்!