பிழைத்தவர்களும் மற்றவர்களும்

நிஜமாக நடந்த ஒரு விபத்தைச் சினிமாவாகப் பார்க்கப் போகிறவனுக்கு உள்ளூர ஒரு தைரியம் உண்டு. கப்பல் முழுகட்டும், மலை சரியட்டும், பனி மூடட்டும். யாரோ ஒருவர் தப்பி வந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். தப்பி வந்தவர் சொல்லாவிட்டால் கதை ஏது, படம் ஏது? ஆகவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பதறுகிறபோதுகூட அடிமனத்தில் அவன் நிம்மதியாகத்தான் இருக்கிறான். படம் முடிந்து வெளியே வருகிறபோது, மனித மனத்தின் உறுதி எப்பேர்ப்பட்டது என்று வியந்து பேசிக்கொண்டு வருகிறான்.

இந்த வியப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. உறுதி உள்ளவன் பிழைத்தான் என்றால், செத்தவனுக்கு உறுதி போதவில்லை என்றுதானே ஆகிறது? வீடு திரும்ப வேண்டுமென்று அவன் மட்டும் ஆசைப்படாமலா இருந்திருப்பான்? இந்தக் கேள்வியைச் சினிமா லேசில் கேட்பதில்லை. கேட்பதற்கு ஐம்பது வருஷமும் மூன்று படங்களும் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் 1972-ல் விழுந்த விமானத்தின் கதை அது.

உருகுவே தேசத்தின் தலைநகர் மான்டெவிடியோ. அங்கே ஓல்டு கிறிஸ்டியன்ஸ் என்றொரு ரக்பி கோஷ்டி. சிலி தேசத்துச் சான்டியாகோ நகரில் ஆட்டம் ஆடுவதற்காக, உருகுவே விமானப் படையின் விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டார்கள். இடம் மிச்சமிருந்ததால் நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிப்பந்திகள் ஐந்து பேரையும் சேர்த்து மொத்தம் 45 பேர். அக்டோபர் 12-ந் தேதி புறப்பட்டவர்கள், வானிலை சரியில்லாததால் அர்ஜென்டினாவின் மென்டோஸா நகரில் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை மலையைக் கடக்கக் கிளம்பினார்கள்.

மேகம் மூடியிருந்தது. மலைத் தொடரைத் தாண்டிச் சிலி நாட்டுக் குரிக்கோ என்ற ஊரை எட்டிவிட்டதாக விமானிகள் கணக்குப் போட்டார்கள். உண்மையில் இன்னும் தாண்டவே இல்லை. வடக்கே திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கிய விமானம் மலை முகட்டில் இடித்தது. இறக்கைகள் இரண்டும் வாலும் பிய்த்துக்கொண்டு போயின. நடு உடல் மட்டும் பனிச் சரிவில் சறுக்கிக்கொண்டே போய் நின்றது. கடல் மட்டத்துக்குமேல் சுமார் 3,500 மீட்டர் உயரம். சுற்றிலும் வெண்பனி, விமானத்தின் வர்ணமும் வெள்ளை. தேடி வந்தவர்களின் கண்ணில் அது படவே இல்லை. எட்டு நாள் தேடிவிட்டுக் கைவிட்டார்கள். அந்தச் செய்தியை, உள்ளே உயிரோடு இருந்தவர்கள் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்டார்கள். உலகம் தங்களைச் செத்தவர்கள் கணக்கில் எழுதிவிட்டதைத் தங்கள் காதாலேயே கேட்க நேர்ந்தது அவர்களுக்கு.

பெட்டிகளில் இருந்த கொஞ்சம் சாக்லேட்டும் ஒயினும் சில நாளில் தீர்ந்தன. பனிக்காட்டில் புல் பூண்டுகூட இல்லை. அதன்பின் அவர்கள் செய்ததை உலகம் அறியும்: இறந்துபோன தோழர்களின் உடலைத் தின்று உயிர் தரித்தார்கள். நல்ல குடும்பங்களில் பிறந்து, மாதா கோயிலில் பிரார்த்தனை செய்து வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் அவர்கள். பலர் முதலில் மறுத்தார்கள். பிறகு, நான் செத்தால் என் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். பசியின் கோரத்தைவிட இந்த வாக்குத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அக்டோபர் 29-ந் தேதி இரவு, எல்லோரும் படுத்திருந்த வேளையில் பனிப்பாறை சரிந்து விமானத்துக்குள் புகுந்தது. எட்டுப் பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்தக் கணத்தில் தற்செயலாக எழுந்து நின்ற ஒருவன் இடுப்பளவு பனியோடு தப்பினான். அவன்தான் மற்றவர்களைக் கையால் தோண்டி எடுக்க ஆரம்பித்தான். யார் முகம் முதலில் கைக்கு அகப்பட்டதோ அவர் பிழைத்தார். இதில் மன உறுதிக்கு எங்கே இடம்? எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தோம் என்பதல்லவா உயிரைத் தீர்மானித்தது?

டிசம்பர் 11-ந் தேதி நுமா துர்காத்தி என்ற வாலிபன் இறந்தான். சட்டம் படித்தவன், ரக்பி கோஷ்டியைச் சேர்ந்தவனே அல்ல, நண்பர்கள் அழைத்ததால் வந்தவன். காலில் பட்ட காயம் புரையோடி, உண்ண மனமில்லாமல் மெலிந்து போனான். மறுநாளே நாண்டோ பர்ராடோ, ரொபர்ட்டோ கனெஸா, விஸிந்தீன் என்ற மூவர் மேற்கே நடக்கப் புறப்பட்டார்கள். இனியும் காத்திருந்தால் ஒவ்வொருவராகப் போய்விடுவோம் என்ற முடிவுக்கு அவர்களைத் தள்ளியது அந்த மரணம்தான். மலையுச்சியில் ஏறிப் பார்த்தால் சிலியின் பசுமை தெரியும் என்று நம்பினார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் பனிமலைகளே தெரிந்தன. விஸிந்தீன் தன் பங்கு உணவை மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பினான். இருவரும் நடந்தார்கள். புறப்பட்டுப் பத்து நாள் ஆவதற்குள், ஓர் ஆற்றின் எதிர்க்கரையில் செர்ஜியோ கத்தலான் என்ற மாடு மேய்க்கும் சிலி நாட்டுக் குடியானவரைக் கண்டார்கள். ஆற்றின் இரைச்சலில் பேச்சு எடுபடவில்லை. அவர் காகிதத்தையும் பென்சிலையும் கல்லோடு கட்டி எறிந்தார். பர்ராடோ எழுதித் திருப்பி எறிந்தான். ரொட்டியை வீசிக் கொடுத்துவிட்டு, அவர் குதிரையேறிப் போலீசுக்குச் சொல்லப் போனார். டிசம்பர் 22, 23 தேதிகளில் ஹெலிகாப்டர்கள் மலைக்குப் போய் மீதிப் பேரைக் கொண்டுவந்தன. 72 நாட்கள். பிழைத்தவர் 16, மாண்டவர் 29.

இதை முதலில் படமாக்கியது மெக்ஸிகோ. ரெனே கார்டோனா இயக்கி 1976-ல் வந்த அந்தப் படம் பரபரப்பை நம்பியது. 'என்ன தின்றார்கள்?' என்பதே அதன் கேள்வி.

பியர்ஸ் பால் ரீட் என்ற ஆங்கில எழுத்தாளர், பிழைத்தவர்களோடு பேசி 1974-ல் எழுதிய நூலை வைத்து, 1993-ல் ஹாலிவுட் 'அலைவ்' என்ற படத்தை எடுத்தது. 'எப்படிப் பிழைத்தார்கள்?' என்று கேட்ட படம் இது. பர்ராடோவே யோசனை சொன்னார். கனடாவின் பனிமலைகளில் ஆங்கில நடிகர்கள் நடித்தார்கள். நன்றாக எடுத்த படம்தான். ஆனால் பனிச்சரிவில் மாண்ட கோஷ்டித் தலைவன் மார்சேலோ பெரெஸுக்கு அதில் வேறு பெயர். கதையைத் தொடங்கிவைப்பது, பிழைத்த கார்லோஸ் பாயெஸ் வேடத்தில் வரும் ஒரு நடிகர்.

மூன்றாவது படம் 2023-ல் வந்தது: 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ'. இயக்கியவர் பயோனா என்ற ஸ்பானியர். உருகுவே, அர்ஜென்டினா நடிகர்கள் தங்கள் சொந்த மொழியில் பேசி நடித்தார்கள். இதில் கதை சொல்கிறவன் நுமா துர்காத்தி. படம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர், சொல்கிறவன் பிழைத்தவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். முக்கால்வாசி தாண்டியபின் அவன் இறந்துபோகிறான். குரல் மட்டும் தொடர்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனின் பழைய தைரியம் அப்போது போய்விடுகிறது. ஒவ்வொருவர் மாளும்போதும் அவருடைய நிஜப் பெயரும் வயதும் திரையில் வருகின்றன. 'யார் யார் இருந்தார்கள்?' என்று கேட்கிறது இந்தப் படம்.

இதே பயோனா 2012-ல் 'தி இம்பாஸிபிள்' என்ற படத்தை எடுத்திருந்தார். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில், தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த ஒரு ஸ்பானியக் குடும்பம் சிதறி, ஐந்து பேரும் உயிரோடு ஒன்றுசேர்ந்த உண்மைக் கதை. படத்தில் அவர்களை ஆங்கிலக் குடும்பமாக மாற்றியிருந்தார்கள். அந்த நாளில் பல தேசங்களில் மாண்டவர்கள் 2 லட்சத்துக்கு மேல். நமது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர். ஐந்தில் ஐந்தும் பிழைத்த குடும்பத்துக்குப் படம் கிடைத்தது. ஐந்தில் நாலு போய் ஒன்று மிஞ்சிய குடும்பங்கள் நம் கரையில் எத்தனையோ. அந்த மிஞ்சிய ஒருவரிடம் போய் மன உறுதியைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருமா? முதல் படத்தில் செய்யாததைப் பதினொரு வருஷம் கழித்து ஆண்டீஸ் கதையில் பயோனா செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிழைத்தவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பனிமலையை வெறுங்காலணியோடு ஏறிக் கடந்த இருவரை யாரால் குறைத்துப் பேச முடியும்? ஆனால் அந்த நடைக்கு வேண்டிய பலம் எங்கிருந்து வந்தது என்பதை, நடந்தவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். செத்தவர்கள் தங்கள் உடம்பையே வழிச்சோறாகக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். மான்டெவிடியோ நகரில் இந்தச் சம்பவத்துக்காக 2013-ல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். பிழைத்த 16 பேரையும் மாண்ட 29 பேரையும் சேர்த்தே அது நினைவுகூர்கிறது. அந்த 45 என்ற முழுக்கணக்கு நினைவில் இருந்தால், இம்மாதிரிப் படங்களை நாம் இன்னும் கொஞ்சம் பணிவோடு பார்க்கலாம்.